பெங்களூரான் வூட்டுப் பெண் எந்த மாநிலம்?

வருவாய்த் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து உங்களை யாரும் அதிகாரியாகப் பார்க்க மாட்டார்கள். ஜோசியராகத்தான் பார்ப்பார்கள். சாதிச் சான்று வாங்க வந்த அப்பா, வேலை முடிந்தும் போகாமல் மேஜைக்கு முன்னால் நின்று, “மேடம், பையனுக்கு சீட்டு கெடைச்சிருமுங்களா?” என்று கேட்பார். மார்க் எவ்வளவு, எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எதையும் சொல்ல மாட்டார். நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நானும் சர்வீஸ் முழுக்க ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். “கெடைக்கும், தைரியமா போங்க.” கிடைத்தவர்கள் என் ராசியைப் புகழ்ந்தார்கள். கிடைக்காதவர்கள் கவர்மெண்டைத் திட்டினார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நஷ்டமில்லை.

ஒரே ஒரு தடவை அந்தக் கேள்விக்கு விடை நிஜமாகவே என் கையில் இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஜோசியர் வேலை எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்தது.

நான் ஓய்வு பெற்றது மண்டலத் துணை வட்டாட்சியராக. தருமபுரி மாவட்டத்தில் எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள். அங்கே எனக்கு வேண்டியவர்கள் இன்னும் வேலை பார்க்கிறார்கள், வேண்டாதவர்களும் பார்க்கிறார்கள்.

பிறப்பிடச் சான்று உங்களுக்குத் தெரியும். ஜனங்கள் நேட்டிவிட்டி என்பார்கள். பள்ளிக்கூடம் முழுக்க இங்கேயே படித்த பிள்ளைக்கு அநேகமாக அது தேவைப்படாது. நடுவில் சில வருஷம் வேறு மாநிலத்தில் படித்திருந்தால், பல்கலைக்கழகம் நம்மிடம் அனுப்பும். இந்தப் பிள்ளை உங்கள் ஊர்தானா, எழுதிக் கொடுங்கள் என்று. நாம் கொடுத்தால் அது தமிழ்நாட்டுப் பிள்ளை. கொடுக்காவிட்டால் வெளி மாநிலம். வெளி மாநிலம் என்றால் சாதி ஒதுக்கீடு கிடையாது, மாநிலத்துப் பிள்ளைகளுக்கான இடங்களும் கிடையாது. மிச்சம் இருக்கும் ஒரு கைப்பிடி இடத்துக்கு, நாடு முழுவதிலிருந்தும் வந்து நிற்கிற கூட்டத்தோடு முட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஊரை மட்டும் மாற்றிப் போட்டால் போதும், அதே பிள்ளை, அதே மார்க், தலையெழுத்து மாறிவிடும்.

அது கலந்தாய்வு நேரம். ஒரு வியாழக்கிழமை காலையில் சவரிமுத்து என்பவர் மகளோடு வந்து நின்றார். பொம்மிடிப் பக்கம் ஒரு கிராமம். கத்தோலிக்கக் குடும்பம். மரவள்ளி போடுகிற விவசாயி. மகள் பெயர் ரீனா. கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். நல்ல மார்க். அவர்கள் சாதி ஒதுக்கீட்டில் போனால் சீட்டு கையில் விழுந்த மாதிரிதான்.

சிக்கல் எங்கே என்றால், சவரிமுத்துவின் தங்கை கன்னியாஸ்திரி. கர்நாடகத்தில் ஒரு கான்வென்ட் பள்ளியில் டீச்சர். “அண்ணா, புள்ளைய எங்கிட்ட விடு, இங்கிலீஷ் நல்லா வரும்” என்று சொல்லி ஆறாம் வகுப்பில் அழைத்துக்கொண்டு போய் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார். பத்தாம் வகுப்பு முடிந்ததும் வீட்டு ஞாபகம் தாங்காமல் ரீனா திரும்பி வந்துவிட்டாள். பிளஸ் ஒன், பிளஸ் டூ இங்கே. அத்தை சொன்னபடி இங்கிலீஷ் வந்தது. கூடவே கர்நாடகத்துப் பள்ளிச் சான்றிதழும் வந்தது.

“கர்நாடகாவுலயும் போட்டுப் பாத்தோமுங்க. அங்க படிச்ச வருசம் பத்தலைனு சொல்லிட்டாங்க. நீங்க தமிழ்நாட்டுலயே கேளுங்கன்னாங்க” என்றார் சவரிமுத்து. “இங்க வந்தா, நேட்டிவிட்டி இல்லைன்னா நீங்க வெளி மாநிலம்னு போட்டுட்டாங்க. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ஆன்லைன்ல சான்று ஏத்தணுமாம். இல்லைன்னா வெளி மாநிலக் கணக்குலதான் பேரு வருமாம். மேடம், வெளி மாநிலத்துக்காரங்களுக்குன்னும் சீட்டு இருக்குதாமேங்க, அதுல கெடைக்குமுங்களா?”

“இருக்கு. அன்னதானத்துல கடைசி வரிசையில நிக்கறவங்களுக்கும் சோறு இருக்குன்னு சொல்றது இல்லையா, அந்த மாதிரி இருக்கு” என்றேன்.

அந்தப் பெண் சட்டென்று, “ஹௌதா?” என்றாள்.

பக்கத்து மேஜை கிளார்க் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவளும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கன்னடத்தில் அப்படியா என்று கேட்கிற வார்த்தை அது. ஹாஸ்டலில் ஒட்டிக்கொண்டது. நேட்டிவிட்டி கேட்டு வந்த இடத்தில் வாயில் வரக்கூடாத ஒரே வார்த்தை, சொல்லி வைத்ததுபோல் வந்து விழுந்தது.

விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். வி.ஏ.ஓ. அறிக்கை வந்திருந்தது. அவர் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. நல்ல பையன். இப்போதும் சொல்கிறேன், நல்ல பையன். விசாரிக்காமல் டீக்கடையில் உட்கார்ந்து அறிக்கை எழுதுகிற ரகம் இல்லை. நேரில் போய் விசாரித்து, அழகான தமிழில், மூன்று காரணம் காட்டி எழுதியிருந்தார். ஒன்று, மாணவி கர்நாடகத்தில் படித்தவர். இரண்டு, வீட்டின் முகப்பில் ‘பெங்களூரார் இல்லம்’ என்று சிமெண்ட் எழுத்தில் பொறித்திருக்கிறது. மூன்று, அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் அனைவரும் ஒருமித்து இவர்கள் பெங்களூர்க்காரர்கள் என்றே தெரிவித்தனர். ஆகவே குடும்பத்தின் பூர்வீகம் வெளி மாநிலம், சான்று வழங்கப் பரிந்துரைக்க இயலவில்லை. அதன் கீழே வருவாய் ஆய்வாளர் ‘ஏற்கலாம்’ என்று ஒரு வார்த்தை ஒட்டிவிட்டு மேலே தள்ளியிருந்தார்.

மூன்று காரணமும் உண்மை. ஒன்றிலும் பொய் இல்லை. மூன்றையும் சேர்த்துப் படித்தால் வருகிற முடிவுதான் சுத்த அபத்தம். உங்கள் மேஜைக்கு வரும் தப்பான அறிக்கைகளில் பாதிக்கு மேல் இந்த ரகமாகத்தான் இருக்கும்.

நான் தருமபுரிக்காரி என்பதால் எனக்கு உடனே மணி அடித்தது. இந்தப் பக்கத்தில் வீடுகளுக்கெல்லாம் பட்டப்பெயர் உண்டு. கோர்ட்டான் வூடு என்றால் அந்த வீட்டில் வக்கீல் இருக்கிறார் என்று அர்த்தமில்லை. எந்தக் காலத்திலோ ஒரு ஆள் கோர்ட் படி ஏறியிருப்பார். சர்க்கரையான் வூட்டில் கரும்பும் இருக்காது, சர்க்கரை வியாதியும் இருக்காது. நாளடைவில் அந்த வீட்டுக்காரர்களே அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகையில் அடிப்பார்கள், வாசலில் எழுதி வைப்பார்கள். தூத்துக்குடிப் பையனுக்கு இது எப்படித் தெரியும்?

“ஏங்க சவரிமுத்து, உங்க வூட்டுக்கு ஏன் பெங்களூரான் வூடுன்னு பேரு?”

அவர் பெருமையாக நிமிர்ந்தார். “எங்க பாட்டன் பெங்களூர்ல இருந்தாருங்க. பெரிய ஆளுங்க.”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சான்று கேட்டு வந்த மனுஷன், பூர்வீகம் பெங்களூர் என்று தன் வாயாலேயே சொல்கிறார். கிளார்க் இப்போது நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரீனா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“எத்தனை வருசம் இருந்தாரு?”

“அது தெரியலீங்க. ஆனா இருந்தாருங்க. எங்கப்பா சொல்லுவாரு.”

தாசில்தார் அறைக்குப் போனேன். அவர் என்னைவிட வயதில் சின்னவர், பதவியில் பெரியவர், பயத்தில் இன்னும் பெரியவர். சொன்னதைக் கேட்டுவிட்டு, “மேடம், ரிப்போர்ட்ல இல்லைன்னு இருக்கு. நாம இல்லைன்னு போட்டா நமக்கு ஒண்ணும் வராது. இருக்குன்னு போட்டு நாளைக்கு எவனாவது பெட்டிஷன் போட்டான்னா? வேற ஸ்டேட்டுக்காரங்களுக்கு நேட்டிவிட்டி குடுத்துட்டாங்கன்னு டிவியில ஓட்டுவான். ரெண்டு பேருக்கும் சஸ்பென்ஷன்” என்றார்.

இது நம் துறையின் வேதம். நீங்களும் சீக்கிரமே கற்றுக்கொள்வீர்கள். தப்பாகக் கொடுத்தால் மெமோ வரும், விசாரணை வரும், பென்ஷன் நிற்கும். தப்பாக மறுத்தால் ஒன்றுமே வராது. மறுக்கப்பட்டவர் அழுதுகொண்டே பஸ் ஏறிப் போய்விடுவார். நாம் சாயங்காலம் நிம்மதியாக வீட்டுக்குப் போய் டீ குடிக்கலாம். அந்த நிம்மதியைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“சார், அது வீட்டுப் பேரு சார். ஊர்ப் பேரு இல்ல” என்றேன்.

“எனக்குப் புரியுது மேடம். ஃபைல்ல புரியணும்ல? ஒண்ணு செய்யுங்க. மறுவிசாரணை போடுங்க. ஆனா சாட்சி சொல்றவன் சொந்தக்காரனா இருக்கக் கூடாது. அவங்க சர்ச்சுக்காரனா இருக்கக் கூடாது. கூட்டாளியா இருக்கக் கூடாது. தலைமுறையா அந்த ஊர்ல நெலம் வச்சிருக்கணும். அப்படி ஒருத்தன் கையெழுத்துப் போட்டா பாக்கலாம்.”

அவர் என்னைத் தட்டிக்கழித்து அனுப்பத்தான் அப்படிச் சொன்னார். ஒரு கிராமத்தில் சொந்தமும் இல்லாமல், சிநேகமும் இல்லாமல், ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்துவைத்திருக்கிற ஆள் எங்கே கிடைப்பான்? அப்படித்தான் அவர் நினைத்தார். எனக்கோ கேட்டவுடன் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஆள் இல்லாத ஊரே கிடையாதே. விரோதி என்று அவனுக்குப் பெயர்.

ஆபீஸ் ஜீப்பை கலெக்டர் ஆய்வுக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அந்த வி.ஏ.ஓ. பையனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து புறப்பட்டேன். ரிட்டயர்மெண்டுக்குக் காத்திருக்கிற வயதில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் கப்பி ரோட்டில் போனதை இப்போது நினைத்தாலும் இடுப்பு வலிக்கிறது. வழி நெடுக அந்தப் பையன் முறையிட்டுக்கொண்டே வந்தான்.

“மேடம், நான் நேர்ல போயித்தான் விசாரிச்சேன். கேட்டவங்க எல்லாரும் ஒண்ணு போலச் சொல்லுதாங்க. நான் என்ன எழுதட்டும்?”

“என்னான்னு கேட்டீங்க தம்பி?”

“இவங்க யாருன்னு கேட்டேன்.”

“அதான் சொல்லியிருக்காங்க. இப்ப நான் கேக்கறேன் பாருங்க.”

ஊருக்குள் நுழைந்ததும் பால் சொசைட்டி. பெண்கள் கேனோடு நின்றிருந்தார்கள். பைக்கை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.

“ஏம்மா, இந்த சவரிமுத்து குடும்பம் யாரு?”

“பெங்களூரான் வூடுங்க.”

“அவுங்க எந்த ஊரு?”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்கிற ஆளுக்குப் புத்தி சரியில்லையோ என்கிற பார்வை. “அதாங்க சொன்னமே, பெங்களூரான் வூடு.”

வி.ஏ.ஓ. தம்பி, ‘பாத்தீங்களா’ என்பதுபோல் என்னைப் பார்த்தான். நான் கேள்வியை மாற்றினேன்.

“சரி. அவுங்களுக்கு இந்த ஊர்ல ஆகாதவங்க யாரு?”

ஒரே சிரிப்பு. பால் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டுக் கை காட்டினார். “வேற யாருங்க, நம்ம மாதையன்தான். அவுங்க பாட்டன் காலத்துச் சண்டைங்க அது. வரப்புத் தகராறு.”

மாதையனின் நிலமும் சவரிமுத்துவின் நிலமும் அடுத்தடுத்து. நடுவில் ஒரு வரப்பு. அந்த வரப்பு யார் பக்கம் நகர்ந்தது என்று மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு சாதி, இரண்டு சாமி, ஆனால் சண்டை ஒன்று. இந்தப் பஞ்சாயத்து பற்றிய மனுக்கள் என் மேஜைக்கும் வந்திருக்கின்றன. வரப்பு மனு என்றால் நானும் எல்லோரையும்போல மேலோட்டமாகத்தான் பார்ப்பேன்.

மாதையன் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய, கட்டுமஸ்தான ஆள். விஷயத்தைச் சொன்னேன். சவரிமுத்து என்ற பெயரைக் கேட்டதுமே முகம் மாறிவிட்டது.

“பெங்களூரானுங்களா? அவனுக்கு எங்கிட்ட எதுக்குங்க சாட்சி கேக்கறீங்க? வேற ஆளே கெடைக்கலீங்களா?”

“நீங்கதாங்க சரியான ஆளு. அவுங்க பாட்டன் பெங்களூர்ல இருந்தவராமே?”

மாதையன் வாய்விட்டுச் சிரித்தார். எத்தனை நாளாகக் காத்திருந்தாரோ இந்தக் கதையைச் சொல்வதற்கு.

“அவன் எங்கீங்க இருந்தான்! பெங்களூர்ல வேலை இருக்குது, துரைங்ககிட்ட சேந்து பெரிய ஆளாயிட்டு வரேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிட்டு பொம்மிடியில ரயில் ஏறுனான். எங்க தாத்தாதான் வண்டி கட்டிட்டுப் போயி ஏத்தி வுட்டாரு. அப்பல்லாம் நல்லாத்தான் இருந்தாங்க. போயி ரெண்டு நாள் தங்கலீங்க. ஊரு நெனப்பு வந்திருச்சுன்னு அழுதுக்கிட்டே திரும்பி ஓடி வந்துட்டான். சாகற மட்டும் ‘நான் பெங்களூர்ல இருக்கறப்ப’ன்னுதான் பேச்சையே எடுப்பானாம். அதுக்குன்னு வெச்ச பேருங்க இது. பெங்களூரானாம் பெங்களூரான்!”

நான் வி.ஏ.ஓ. தம்பியைப் பார்த்தேன். பாவம், அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஊரை விட்டு இருக்க முடியாமல் ஓடி வந்ததற்காக வைத்த பெயரை, ஊர்க்காரன் இல்லை என்பதற்கு ஆதாரமாக எழுதியிருக்கிறான். யாரைக் குறை சொல்ல? அந்த வீட்டுக்காரர்களே கேலியை மறந்துவிட்டு சிமெண்டில் பொறித்து வைத்திருக்கிறார்களே.

“அப்ப இவுங்க தலைமுறையா இந்த ஊருதான்?”

“பின்ன? வானத்துல இருந்தா குதிச்சாங்க?”

“இதையே எழுதித் தரேன், கையெழுத்துப் போடுங்க. அந்தப் புள்ளைக்குக் காலேஜுல எடம் கெடைக்கும்.”

சிரிப்பு நின்றது. மாதையன் தட்டைக் கீழே போட்டுவிட்டு யோசித்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

“என்னங்க மேடம், என்னைய மாட்டி வுடறீங்களே. வரப்பு மனுவுல நான் என்னான்னு எழுதியிருக்கேன் தெரியுமுங்களா? அவனுங்க அசலூர்ல இருந்து பொழைக்க வந்து எங்க நெலத்த வளைச்சவனுங்கன்னு எழுதியிருக்கேன். இப்ப இந்த ஊருதான்னு கையெழுத்துப் போட்டா எங் கேசு என்னாகும்?”

இந்த இடத்தில்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க’ என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்ல காரியத்துக்குத்தானே, ஒரு சின்னப் பொய்தானே என்று மனசு சொன்னது. சாயங்காலம் வரைதான் நேரம், ஒரு பெண்ணின் படிப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவரும் என் ஆபீசுக்கு வருகிற ஒரு மனுதாரர். அவருடைய வரப்பும் என் பொறுப்பில் இருக்கிறது. ஒருத்திக்கு நியாயம் செய்வதற்கு இன்னொருத்தரை ஏமாற்றினால், நாளைக்கு நம்மை நம்பி யார் எதில் கையெழுத்துப் போடுவார்?

“உங்க மனுவுக்கு இது நல்லதில்லதாங்க. ‘அசலூர்’ங்கற பேச்சு இனி எடுபடாது. வரப்பு எங்க இருக்குதுன்னு அளந்துதான் பாக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க” என்றேன்.

வி.ஏ.ஓ. தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். போச்சு, கெட்டுச்சு என்று அதில் எழுதியிருந்தது. மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டார். போய்விடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

அதற்குள் நாங்கள் வந்த சேதி எட்டி, சவரிமுத்துவும் ரீனாவும் ஓடி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். மாதையன் வீட்டுக்குள் அவர்கள் கால் வைத்ததில்லை. சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். மாதையன் அவரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

“இதுங்களா அந்தப் புள்ள? ஏம்மா, மாட்டு டாக்டருக்கா படிக்கப் போற?”

“ஆமாங்க.”

“படிச்சிட்டு வந்து எங்க மாட்டையெல்லாம் பாப்பியா?”

“இப்பவும் பாத்துட்டுத்தாங்க இருக்கேன். தெனமும் எங்க கொல்லையிலதான மேயுது” என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. சவரிமுத்து, “ஏய், வாய மூடு!” என்று அவள் தோளைப் பிடித்தார். அடிப் பாவி மகளே, இருக்கிற ஒரே சாட்சியிடம் இப்படியா பேசுவது! நேட்டிவிட்டியும் போச்சு, வந்த வேலையும் போச்சு என்று நான் பையை எடுத்துக்கொண்டேன்.

மாதையன் முகம் சிவந்தது. அவளையே முறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “கேட்டீங்களா மேடம் இந்த வாய? கேட்டீங்களா?” என்றார். “இவ பாட்டன் வாய் அப்படியே! எங்கப்பன நடு ரோட்டுல நிறுத்தி இப்படித்தான் கேப்பான். இது பெங்களூர் வாயாங்க? எந்த மடையன் எழுதுனான் இவள வெளி மாநிலம்னு?”

வி.ஏ.ஓ. தம்பி பைக் சாவியைக் கீழே தேடத் தொடங்கினான். அது அவன் கையில்தான் இருந்தது.

“அசலூர்க்காரின்னா கைகட்டி நின்னிருப்பா மேடம். இவ பாருங்க, சாட்சி கேக்க வந்த எடத்துல வேலி ஓரமா நின்னு சண்ட போடறா!” மாதையன் இப்போது கத்தினார். “அவனுங்க அசலூர்னா, மூணு தலைமுறையா நாங்க யாருகிட்டங்க சண்ட போட்டோம்? எங்கயோ இருந்து வந்தவன்கிட்ட எங்கப்பன் தோத்துட்டான்னு ஆயிடுமில்ல? குடுங்க பேப்பர!”

நான் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சவரிமுத்து குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரைச் சேர்ந்தவர்கள் என்றும், தனக்கு அவர்களோடு சொந்தமோ சிநேகமோ இல்லை என்றும், வரப்புத் தகராறு உண்டு என்றும். படித்துக் காட்டினேன். பேனாவை வாங்கியவர், கையெழுத்துப் போடுமுன் ஒரு சந்தேகம் கேட்டார்.

“நல்லவங்கன்னு எங்கயும் எழுதலைல?”

“இல்லீங்க.”

“அப்ப சரி.”

ஆபீசுக்குப் போனதும் மறுவிசாரணை அறிக்கையை வி.ஏ.ஓ. தம்பியே எழுதினான். நான் திருத்தவில்லை. முதல் அறிக்கையைவிடப் பாதி அளவுதான் இருந்தது. தாசில்தார் சாட்சியின் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, “என்ன மேடம், எதிரியவே கூட்டிட்டு வந்துட்டீங்க?” என்றார்.

“நீங்க சொன்ன தகுதி எல்லாம் இவருக்குத்தான் சார் இருக்கு. சொந்தம் இல்ல, கூட்டாளி இல்ல, வேற மதம், தலைமுறையா நெலம்.”

அவர் கூரையைப் பார்த்தார். ஃபைலை என் பக்கம் தள்ளினார். கொடுங்கள் என்று வாயால் சொல்லவில்லை. சொன்னால் சாட்சியாகிவிடுமே! என் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டு ஒப்புதல் கொடுத்தேன். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. அது சுற்றிய நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை, சவரிமுத்துவின் சாமியையும் சேர்த்து.

சான்று வந்தது. வராந்தாவில் நின்றிருந்த ரீனாவைக் கூப்பிட்டுப் பிரிண்ட் கொடுத்தேன். ஏற்றிவிட்டு வருகிறேன் என்று உடனே ஓடுவாள் என்று பார்த்தால், நின்று படித்தாள். படித்துவிட்டு அழுதாள்.

“என்னம்மா, அதான் வந்துடுச்சே?”

“அங்க ஹாஸ்டல்ல என்னைய தமிழ்க்காரின்னு கூப்புடுவாங்க மேடம். இங்க ஸ்கூல்ல வந்து சேந்தா பெங்களூர்க்காரின்னாங்க. எனக்கே நான் எந்த ஊருன்னு சந்தேகமா போச்சு. அந்தப் பெரியவரு ஒருத்தருதான் மேடம், திட்டுறப்பக்கூட இந்த ஊருக்காரின்னு திட்டுனாரு.”

எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். “போ, போ, முதல்ல ஏத்து, அப்புறம் அழு” என்று விரட்டினேன்.

முதல் சுற்றிலேயே அவளுக்கு இடம் கிடைத்தது. சேதியை எனக்குச் சொன்னது வி.ஏ.ஓ. தம்பிதான். ஊரில் ஒவ்வொரு வீட்டுப் பட்டப்பெயருக்கும் கதை கேட்டுக்கொண்டு அலைவதாகவும், தனக்கே ‘தூத்துக்குடியார்’ என்று பெயர் விழுந்துவிட்டதாகவும் போனில் சொன்னான். “உங்க பேரப்புள்ளைங்க நேட்டிவிட்டிக்கு எங்க போவாங்களோ தெரியல தம்பி” என்றேன். அவன் சிரிக்கவில்லை.

வரப்பையும் அந்த வாரமே அளக்கச் சொன்னேன். பாதி தூரம் இவர் பக்கம் நகர்ந்திருந்தது, பாதி தூரம் அவர் பக்கம். இரண்டு பேருமே அளவை தப்பு என்று மனு கொடுத்தார்கள். சவரிமுத்துவும் மாதையனும் இன்று வரை பேசிக்கொள்வதில்லை.

ஆனால் ஹாஸ்டலுக்குக் கிளம்புகிற அன்று ரீனா ஒரு ஸ்வீட் பாக்கெட்டோடு மாதையன் வீட்டு வாசலில் போய் நின்றாளாம். வேலிக்கு வெளியிலேயே நின்று நீட்டியிருக்கிறாள். அவர் வந்து, வாங்கிக்கொண்டு, உள்ளே போகத் திரும்பியவர், நின்று சொன்னாராம்:

“படிச்சு முடிச்சதும் அங்கேயே தங்கிடாத. இங்க வந்துரு. உங்கொப்பனுக்கும் எனக்கும் அப்பறம் எம் பேரன்கிட்ட சண்ட போடறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல.”